பச்சைப் பருப்பின் கணக்கும் குழம்பின் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் புரதம் நிறைந்த உணவுகளைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பொருள் நல்ல பொருள். இன்று பேச வேண்டியதும்கூட. ஆனால் அதனுடன் வந்த அட்டவணை வாசகர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் 27 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அரிசியையும் பருப்பையும் முட்டையையும் தினமும் எடைபோட்டு, எண்ணி, பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்திட்டவள் என்பதற்கு மேல் வேறு தகுதி எனக்கு இல்லை.

அட்டவணையில் 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் என்றும், 100 கிராம் முட்டையில் 13 கிராம் என்றும் போட்டிருந்தது. இரண்டு எண்களிலும் பிழை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் பிழை. முட்டையை வேகவைத்தாலும் அதன் எடை பெரிதாக மாறுவதில்லை. பருப்பு அப்படியல்ல, 100 கிராம் பருப்பு குக்கரில் வெந்து மசிந்து வரும்போது தண்ணீரைக் குடித்து ஏறத்தாழ 300 கிராம் ஆகிவிடும். அப்போது 100 கிராம் வெந்த பருப்பில் இருப்பது 7 கிராம் புரதம். அதிலேயே புளித்தண்ணீர் ஊற்றிக் காய்போட்டுச் சாம்பாராக்கினால் இன்னும் குறையும். அட்டவணையைப் பார்த்த ஒருவர், 'நான்தான் தினமும் சாம்பார் சாப்பிடுகிறேனே, முட்டையைவிட எனக்கு அதிகப் புரதம் கிடைக்கிறது' என்று நினைத்துக்கொள்வார். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அப்படித்தான் என்னிடம் சொன்னார்கள். முருங்கைக்கீரை விஷயமும் இதுவே. காயவைத்து அரைத்த பொடிக்கு உரிய எண்ணைக் கீரைக்கு நேரே போட்டுவிட்டீர்கள். பச்சைக் கீரையில் 100 கிராமுக்கு 6 கிராம் சொச்சம்தான். ஒருவர் ஒருவேளைக்குச் சாப்பிடும் பொரியலில் 3 கிராம் வந்தால் அதிகம். முருங்கைக்கீரைக்கு வேறு பெருமைகள் உண்டு. இது அதில் சேராது.

ஆகவே பச்சைப் பொருளின் எண்ணை விட்டுவிட்டு இலையில் விழும் அளவிலிருந்து தொடங்குவதே நல்லது. நான்கு பேர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறோம்? எங்கள் பக்கத்தில் அரை ஆழாக்கு என்பார்கள். அதாவது சுமார் 70 கிராம். அந்த எழுபதில் 15 கிராம் புரதம். குழம்பு முழுவதையும் நான்கு பேரும் சமமாகப் பகிர்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு 4 கிராம்கூட வராது. சமமாகப் பகிர்வது என்பதும் பேச்சுக்குத்தான். மேலாகத் தெளிந்த குழம்பு கடைசியில் சாப்பிடும் பெண்ணுக்கும், அடியில் இருக்கும் கெட்டியான பருப்பு முதல் பந்தியில் உட்காரும் ஆண்களுக்கும் போவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். இப்போது மாறியிருக்கிறது என்று சொல்கிறார்கள். சில வீடுகளில் மாறித்தான் இருக்கிறது.

எவ்வளவு வேண்டும் என்பதையும் கட்டுரை தெளிவாகச் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். தானியத்தையே பெரிதும் நம்பி வாழ்பவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் தானியப் புரதத்தின் தரம் சற்றுக் குறைவு. கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இதற்கு மேல் 22 கிராம் கூடுதலாக வேண்டும். ஏழிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைக்கு 23 கிராம் போதும். இந்த எண்கள் ஒன்றும் மலையைப் புரட்டும் எண்கள் அல்ல. எட்டிப்பிடிக்கக் கூடியவைதான். எட்டாமல் போவது ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புரதம் எதற்கு என்று கேட்டால் எல்லோரும் தசை என்று சொல்லிவிடுகிறார்கள். தசை மட்டுமா? இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சோற்றைச் செரிக்கவைக்கும் நொதிகள், காய்ச்சலோடு போராடும் எதிர்ப்பொருள்கள், இன்சுலின், தோல், தலைமுடி ஆகிய எல்லாம் புரதமே. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதம் உடைந்து, மறுபடியும் கட்டப்படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய வீட்டைப் பிரித்து அதே செங்கல்லில் புதிதாகக் கட்டுவது போன்ற வேலை இது. பெரும்பகுதிச் செங்கல் திரும்பப் பயன்படும். உடைந்து வீணாகும் சிலவற்றுக்கு ஈடாகத்தான் நாம் தினமும் சாப்பிட வேண்டியிருக்கிறது. கொழுப்பைப்போல இதைச் சேர்த்துவைக்க உடலில் பத்தாயம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி தின்றுவிட்டு, திங்கள் முதல் சனி வரை ரசம் ஊற்றிச் சாப்பிட்டால், மிஞ்சிய கறி வெறும் எரிபொருளாகிப் போகும். அதிலிருந்த நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும்.

அந்தச் செங்கற்களுக்குப் பெயர் அமினோ அமிலங்கள். மொத்தம் 20 வகை. அவற்றில் 9 வகையை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டிலிருந்தே வர வேண்டும். அரிசியில் லைசின் என்ற ஒன்று குறைவு. பருப்பில் லைசின் தாராளம். ஆனால் மெத்தியோனின் குறைவு, அது அரிசியில் இருக்கிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். இட்லிக்கு அரிசியோடு உளுந்து, பொங்கலுக்குப் பாசிப்பருப்பு, அடைக்கு நாலு பருப்பு என்று நம் பாட்டிகள் சேர்த்த சேர்க்கை இதுதான். அவர்களுக்கு லைசின் தெரிந்திருந்தது என்று பெருமை பேசும் கட்சியில் நான் இல்லை. விளைந்ததைச் சேர்த்துச் சமைத்தார்கள், உடம்பு ஒத்துக்கொண்டது, நிலைத்துவிட்டது. ஒரே உருண்டையில் இரண்டும் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. அந்த நாளுக்குள் இரண்டும் வயிற்றுக்குப் போனால் போதும்.

சேர்க்கை சரி, அளவு சரியில்லை என்பதே என் குறை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உண்ணும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம் என்று இருக்கிறது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு. இதில் ஒரு பகுதிக்குப் பதிலாக முட்டையோ மீனோ கறியோ வரலாம். இவற்றோடு பாலும் தயிருமாக 300 மில்லி. நான்கு பேர் வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்: மாதம் 10 கிலோ பருப்பு. எந்த வீட்டு மளிகைச் சீட்டில் 10 கிலோ பருப்பு இருக்கிறது? என் வீட்டுச் சீட்டைப் பார்த்தேன். துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோ. அமைப்பாளர் வீட்டு லட்சணம் அது.

இங்கே ரேஷன் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு மானிய விலையில் கொடுக்கிறார்கள். அட்டைக்கு மாதம் 1 கிலோ, 30 ரூபாய். வெளிச்சந்தையில் அதன் விலை பல மடங்கு என்பதால் இது பெரிய உதவி, மறுக்கவில்லை. அரிசியோ 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. 20 கிலோ அரிசி வாங்கும் நான்கு பேர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அரிசியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 12 கிராம் சொச்சம் புரதம் வருகிறது. அந்த 1 கிலோ பருப்பிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு, அதாவது ஒரு மேசைக்கரண்டிகூட நிறையாத அளவு. அதில் புரதம் 2 கிராமுக்கும் குறைவு. அரிசிக்கும் பருப்புக்கும் 3க்கு 1 என்று இருக்க வேண்டிய விகிதம், கடையிலிருந்து வரும்போதே 20க்கு 1 என்று ஆகிவிடுகிறது. முன்பு உளுத்தம்பருப்பும் இத்திட்டத்தில் கிடைத்துவந்தது, பிறகு நின்றுவிட்டது. ஏழைக் குடும்பம் வயிறு நிறையச் சாப்பிட்டும் புரதத்தில் பின்தங்குவதற்கு அறியாமையைக் காரணம் சொல்வது எளிது. கடையில் நிற்கும் பெண்ணுக்கு அறியாமை இல்லை. பையில் விழுவது அவ்வளவுதான்.

பருப்புக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கேட்கலாம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த பின் தரையில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் பயிர் எழும்பும். தனியாக உழவு இல்லை, பெரிதாகத் தண்ணீர் இல்லை. அறுத்த கையோடு விலை விழுந்து வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வரும் விவசாயிகளை எனக்குத் தெரியும். அந்தப் பச்சைப்பயறு மாதம் 1 கிலோ ரேஷன் கடைக்கு வந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. துவரையை எதிர்பார்த்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையும் கொஞ்சம் குறையும்.

சத்துணவில் நாங்கள் கண்ட அனுபவம் இதற்குத் துணைநிற்கும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் சோறும் சாம்பாரும்தான். முட்டை 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. 1998இல் வாரம் ஒன்று ஆனது. 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் ஐந்து முட்டை ஆனது. சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். முட்டை வந்த நாளில் வருகைப் பதிவேடு நிறைந்திருக்கும் என்பதை எல்லா அமைப்பாளர்களும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். முட்டை அட்டைகளை இறக்கியதும் முட்டைகளை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம்; மிதப்பதை ஒதுக்கிவைப்போம், அடியில் படுப்பதை வேகவைப்போம். வெளியே விற்றுவிடக் கூடாதென்று மேலே அடித்த முத்திரையின் மை வெந்நீரில் கலங்கி ஆயாவின் விரலெல்லாம் நிறமாகிவிடும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முட்டையைத் தட்டில் வாங்குவாள், சோற்றைச் சாப்பிடுவாள், முட்டை மட்டும் காணாமல் போய்விடும். ஒருநாள் ஆயா அவளைப் பிடித்து நிறுத்தினார். பாவாடை மடிப்பில் உரிக்காத முட்டை, இன்னும் சூடு ஆறாமல். வீட்டில் இரண்டு வயதுத் தம்பிக்காம். அதன் பிறகு அவள் உரித்துச் சாப்பிடும்வரை ஆயா பக்கத்திலேயே நிற்பார். அது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. விதிப்படி சரிதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 23 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். கால்வாசியை ஒரே விழுங்கில் கொடுக்கும் பொருளின் மதிப்பை எந்த அட்டவணையும் பார்க்காமல் அவள் கண்டுபிடித்திருந்தாள்.

இனி பொடிக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையின் பாதி இடம் டப்பாவில் விற்கும் புரதப் பொடிக்கே போயிருந்தது. என் அண்ணன் மகனுக்கு வயது 22, எடை 70 கிலோ. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த இரண்டாம் வாரமே கிலோவுக்கு 2 கிராம் வீதம் 140 கிராம் புரதம் வேண்டும் என்று சொல்லி, ஒரு டப்பாவை விற்றுவிட்டார்கள். பெரிய டப்பா. என்னிடம் கொண்டுவந்து காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். முன்பக்கம் புரதம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கப் பட்டியலில் முதலாவதாக இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்துச் சர்க்கரை. எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும் என்பது விதி. அதாவது அவன் வாங்கியது எடை கூட்டும் சர்க்கரைப் பொடி. அதில் புரதமும் கொஞ்சம் இருந்தது. மாற்றித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நல்ல தரமான பாற்புரதப் பொடியும் இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் மோர்த் தண்ணீரிலிருந்து எடுப்பது அது. எல்லா அமினோ அமிலங்களும் இருக்கும், எளிதில் செரிக்கும். கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இருக்கும். சாப்பிடவே முடியாமல் படுத்திருக்கும் நோயாளிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அது உதவும். ஆனால் விலையைப் பாருங்கள். கிலோ 2,800 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 4 ரூபாய் ஆகிறது. கிலோ 160 ரூபாய்க்கு விற்கும் வேர்க்கடலையில் ஒரு கிராம் புரதம் 65 பைசா. அதே விலைப் பருப்பில் 75 பைசாவுக்குள். ஆறரை ரூபாய் முட்டையில் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். பாற்புரதத்தின் தரத்துக்காக எவ்வளவு மதிப்பெண் கூட்டிப் போட்டாலும் இந்த இடைவெளி மூடாது.

எடை தூக்கிப் பயிற்சி செய்பவனுக்குச் சாதாரண ஆளைவிடக் கூடுதலாகத்தான் வேண்டும். கிலோவுக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை கிராம் என்று வைத்தால் இவனுக்கு 88 முதல் 105 கிராம். நான்கு முட்டையும் அரை லிட்டர் பாலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கெட்டிப் பருப்பும் சுண்டலுமாக, சோற்றிலும் இட்லியிலும் வருவதையும் சேர்த்தால் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். 2024 வழிகாட்டியும் தசை வளர்க்கப் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்லி, நெடுநாள் அதிக அளவில் எடுத்தால் எலும்பும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்று எச்சரித்திருக்கிறது. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருந்து சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்கள் இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது. அவர்களுக்கு எவ்வளவு புரதம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என் கடிதத்திலுள்ள கணக்குகளும் அவர்களுக்குப் பொருந்தாது.

பொடி விஷயத்தில் இன்னொன்றையும் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பது அரிது. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்குவதே பழைய வழக்கம். 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த வேதிப்பொருளைப் போட்டு, சோதனையில் புரதம் அதிகமாகக் காட்டினார்கள். குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் சேர்ந்தது, குழந்தைகள் இறந்தும்போனார்கள். வேர்க்கடலையை யாரும் அப்படி ஏமாற்ற முடியாது.

விளம்பரத்தில் வரும் இளைஞர்கள் எல்லோரும் புஜத்தைக் காட்டுகிறார்கள். ஆனால் புரதத்தில் உண்மையாகவே பின்தங்கி நிற்பவர்கள் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. என் அக்காவைச் சொல்கிறேன். வயது 74, எடை 48 கிலோ. அத்தான் காலமான பிறகு முட்டை, கவிச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்த வேண்டியிருக்கவும் இல்லை. 'வயசான காலத்தில் எனக்கென்ன, ரெண்டு வாய் ரசஞ்சாதம் போதும்' என்பதே அவருடைய பேச்சு. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் தரையிலிருந்து எழ முடியவில்லை; கையை ஊன்றி எழுந்திருக்கத் தொடையில் பலம் இல்லை. முக்கால் மணி நேரம் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஒரு நாளில் சாப்பிடுவதை நான் எழுதிப் பார்த்தேன். இரண்டு வேளைக் காப்பியில் சேரும் பாலில் 3 கிராம். காலையில் இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும், 4 கிராம். மதியம் ஒரு குத்து அரிசிச் சோறு, ரசம், கொஞ்சம் பொரியல், நீர்மோர், எல்லாம் சேர்த்து 10 கிராம். இரவு மறுபடியும் இரண்டு இட்லி, 4 கிராம். மொத்தம் 21. அவருக்கு வேண்டியது 40. வயது ஏற ஏறத் தசை தானாகவே கரையும். அதைத் தடுக்கக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் ஊட்டத்தை ஆராய்ந்த வல்லுநர் குழுக்கள் சில சொல்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் 50ஐத் தொட வேண்டும். அக்கா பட்டினி கிடக்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டார். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

முட்டை சாப்பிடமாட்டார், பல் இல்லாததால் சுண்டல் மெல்ல முடியாது. ஆகவே குழம்புக்குப் பருப்பை வேகவைக்கும்போதே அவருக்கென்று 40 கிராம் தனியாகக் கூட்டிப் போட்டு, கடைந்த கெட்டிப் பருப்பாகச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கொடுக்கச் சொன்னேன், 9 கிராம். நீர்மோருக்குப் பதில் ஒரு டம்ளர் தயிர். கூடுதலாக 4 கிராம். இட்லிக்குச் சட்னியோடு இரண்டு கரண்டி பருப்புப் பொடி, 4 கிராம். நம் வீட்டில் வெகுகாலமாக இருக்கும் புரதப் பொடி அதுதான், யாரும் விளம்பரம் செய்யாததால் சாதாரணமாகிவிட்டது. ஆக 38 கிராம், ஏறத்தாழ வந்துவிட்டது. கூடவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் பயிற்சி. பயிற்சி இல்லாமல் புரதத்தை மட்டும் கொடுத்தால் தசை ஏறாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் மாதம் 'பருப்பு வாயு' என்று முனகினார். பெருங்காயமும் பூண்டும் கூட்டி, பருப்பை ஊறவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்ததில் அந்த முனகல் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை.

பிள்ளைபெற்ற பெண்ணுக்குப் பத்தியம் என்ற பெயரில் பருப்பையும் பயறையும் விலக்குவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. பாலூட்டும் முதல் ஆறு மாதம் அவளுக்கு வழக்கத்தைவிட 17 கிராம் கூடுதலாக வேண்டும் என்பதை இந்த இடத்தில் குறித்துவைத்துவிட்டுச் செல்கிறேன்.

புரதம் புரதம் என்று இப்படி உலகமே கிடந்து கத்துவது இது முதல் தடவையும் அல்ல. 1933இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், மக்காச்சோளக் கஞ்சியை மட்டும் உண்டு கால் வீங்கி முடி நிறம் மாறிய குழந்தைகளைப் பற்றி எழுதினார். அடுத்த பிள்ளை பிறந்ததும் முதல் பிள்ளைக்கு வரும் நோய் என்ற பொருளில் அங்குள்ள மக்கள் வழங்கிய குவாஷியோர்க்கர் என்ற பெயரையே பிறகு மருத்துவ உலகமும் ஏற்றுக்கொண்டது. அதைத் தொடர்ந்து 1950களிலும் 60களிலும் ஏழை நாடுகளின் நோய்க்கெல்லாம் புரதப் பற்றாக்குறையே காரணம் என்று முடிவுகட்டி, மீன் மாவு, புரதம் சேர்த்த மாவு என்று செய்து அனுப்பினார்கள். நம் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் டாக்டர் சி. கோபாலன் அதை ஏற்கவில்லை. 1918இல் குன்னூரில், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சிறிய கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகியது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கோபாலன். நம் குழந்தைகள் உண்ணும் தானியமும் பருப்பும் கலந்த சாப்பாட்டையே வயிறு நிறையக் கொடுத்தால் புரதமும் சேர்ந்தே கிடைத்துவிடும். பற்றாக்குறை உணவில்தான், புரதத்தில் மட்டும் அல்ல என்று அவர் வாதிட்டார். கலோரி போதாதபோது உடல் புரதத்தையும் விறகாக எரித்துவிடும் என்பதால் டப்பாவில் புரதத்தை மட்டும் அனுப்பிப் பயனில்லை என்பது அதன் உட்பொருள். 1970களில் உலகமும் அந்தப் பக்கம் வந்துசேர்ந்தது.

அதே குன்னூரில் மெக்காரிசன் எலிகளுக்கு நாட்டின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உண்ணும் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில் நின்றன. கடைசி இடம் சென்னை மாகாணச் சாப்பாட்டுக்கு. புரதம் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. தீட்டிய அரிசி மிகுந்து மற்றவை எல்லாம் குறைந்ததே காரணம். நூறு ஆண்டு ஆகிறது. இப்போது வயிறு நிறைந்துவிட்டது, கோபாலன் சொன்ன கலோரிக் குறை பெரும்பாலான வீடுகளில் இல்லை. தட்டில் சோற்றின் பங்குமட்டும் அப்படியே இருக்கிறது.

எனவே தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். முதலாவது, அந்த அட்டவணையைத் திருத்தி, சமைத்த பொருளின் அளவில், வீட்டுக் கணக்கில் மறுபடியும் வெளியிடுங்கள்: ஒரு கரண்டி சாம்பார், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, ஒரு இட்லி, ஒரு துண்டு மத்தி மீன், ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு, ஒரு டம்ளர் தயிர், ஒரு பொட்டலம் சுண்டல் என்று. கிராம் தராசு எல்லோர் வீட்டிலும் இல்லை, கரண்டி இருக்கிறது. முதல் பக்கத்தில் இடம் கேட்கவில்லை. கோலப்போட்டி வரும் பக்கத்தில் போட்டாலும் பெண்கள் வெட்டிச் சமையலறையில் ஒட்டிக்கொள்வார்கள். இரண்டாவது, ரேஷன் பருப்பின் அளவைப் பற்றி உணவுத் துறையிடம் தங்கள் செய்தியாளர் ஒருமுறை கேட்டு எழுத வேண்டும். ஒரு அட்டைக்கு 1 கிலோ என்று வைத்ததன் கணக்கு என்ன, நான்கு பேருக்கும் ஏழு பேருக்கும் அதே 1 கிலோ எப்படிப் பொருந்துகிறது, பச்சைப்பயறையோ உளுந்தையோ மறுபடியும் சேர்க்க எண்ணம் உண்டா என்று கேட்டால் போதும். பதில் எதுவானாலும் அச்சிடுங்கள். மாதக் கடைசியில் கடை வாசலில் நிற்கும்போது கையில் வைத்துக்கொண்டு பேச எங்களுக்கு ஒரு தாள் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
பழனி வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.